ஓர் ஓலையில் ஒரு பேர்

குன்றத்து அம்மையிடம் கேள்வி கேட்கப் போகிறவர்கள் விடிகாலையில் போவார்கள். வெயில் ஏறிவிட்டால் அந்தப் பாறையில் கால் வைக்க முடியாது. மழவராயர் உச்சி வெயிலில் போனார். செருப்பை எங்கே கழற்றிவிட்டோம் என்பதுகூட அவருக்கு நினைவில்லை.

மழவராயர் யார் என்று சொல்லிவிடுகிறேன். அறுபத்திரண்டு வயது. வாணநாட்டு அரண்மனையில் ஓலைநாயகம். அரசருக்கு வருகிற எந்தச் சேதியும் அவர் கையைத் தாண்டித்தான் உள்ளே போகும். அரசர் இடுகிற எந்த ஆணையும் அவர் முத்திரை விழுந்துதான் வெளியே வரும். அம்மைக்கு அவரைவிடப் பதினைந்து வயது குறைவு. ஆனாலும் அவர் சீடர், அம்மை குரு. அதில் அவருக்கு ஒருநாளும் கூச்சம் இருந்ததில்லை.

அம்மை வேப்பமரத்தடியில் உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள்.

"வாரும் மழவரே. இந்த வெயிலில் இப்படி ஓடி வருவானேன்?"

"ஒரே ஒரு கேள்வி அம்மை. பதில் கிடைத்ததும் போய்விடுவேன். பொழுது சாய்வதற்குள் நான் சபையில் இருக்க வேண்டும்."

"பொழுது சாய இன்னும் நேரம் கிடக்கிறது. முதலில் கஞ்சி குடியும்."

ஒரு கலயம் நிறைய ஊற்றிக் கொடுத்தாள். மழவராயர் ஒரு வாய் குடித்தார். உப்பென்றால் உப்பு, அப்படி ஓர் உப்பு. தொண்டை வரைக்கும் கரித்தது.

"எப்படி இருக்கிறது?" என்று அம்மை கேட்டாள்.

"நன்றாக இருக்கிறது அம்மை."

கண்ணை மூடிக்கொண்டு மிச்சத்தையும் குடித்து முடித்தார். அம்மையும் தன் கலயத்தைக் காலி செய்தாள்.

"இப்போது கேளும்."

"ஒரு நாட்டுக்குக் கேடு வந்தால், அதில் அரசனின் பொறுப்பு எவ்வளவு?"

"பொதுவாகக் கேட்கிறீரா, நம் அரசரைப் பற்றிக் கேட்கிறீரா?"

"நம் அரசரைப் பற்றித்தான்."

"அப்படியானால் அப்படியே கேட்பதுதானே. சுற்றி வளைப்பானேன்?"

மழவராயர் மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அம்மைக்குத் தெரிந்த கதைதான். உங்களுக்குத் தெரியாதே, அதனால் சொல்கிறேன். முப்பத்திரண்டு நாளுக்கு முன்னால் வாணநாட்டின் பேரேரி உடைந்தது. கரைக்குக் கீழே இருந்த மூன்று ஊர்கள் போய்விட்டன. இருநூறு பேருக்கு மேல் செத்தார்கள். மாடுகளுக்குக் கணக்கே இல்லை. பிழைத்தவர்கள் அரண்மனைக் கதவை உடைத்துக்கொண்டு உள்ளே போனார்கள். அரசர் இளவாணர் வாளை எடுக்கவில்லை, ஓடவும் இல்லை. அவரைப் பிடித்துச் சிறையில் வைத்தார்கள். ஐந்து பேர் கொண்ட சபை விசாரித்தது. அந்த ஐவரில் மழவராயரும் ஒருவர். அரண்மனை நடப்பு தெரிந்த ஆள் ஒருவராவது வேண்டும் என்று ஊரே கூடி அவரை உட்கார வைத்தது.

வாணநாட்டுச் சபைக்கு ஒரு வழக்கம் உண்டு. விசாரணை முடிந்ததும் ஆளுக்கு ஓர் ஓலை. குற்றம் யாருடையது என்று அதில் எழுதிக் குடத்தில் போட வேண்டும். ஓர் ஓலையில் ஒரு பேர்தான் எழுதலாம். மூன்று ஓலையில் ஒரே மனிதன் பேர் இருந்தால் அவனுக்குத் தலை போகும். மூன்று பேர் கூடாவிட்டால் அடுத்த மாதம் மறுபடியும் விசாரணை.

"மற்ற நாலு பேரும் என்ன எழுதப்போகிறார்கள்?" என்று அம்மை கேட்டாள்.

"ஒளிக்காமல் சொல்லிவிட்டார்கள். இரண்டு பேர் அரசர் பேரை எழுதுவார்கள். இரண்டு பேர் மழை என்று எழுதுவார்கள்."

"மழை என்றா?"

"எழுதலாம். முன்னால் எழுதியிருக்கிறார்கள். மூன்று ஓலையில் மழை என்று வந்தால் அரசர் உயிரோடு நாட்டைவிட்டுப் போகலாம்."

"உம் ஓலைதான் பாக்கி."

"என் ஓலைதான் பாக்கி. நான் அரசர் என்று எழுதினால் நாளைக்கு அவர் தலை போய்விடும். மழை என்று எழுதினால் செத்தவர்களின் சொந்தக்காரர்கள் என்னைத் தெருவில் நடக்க விடமாட்டார்கள். மூன்று நாளாகத் தூக்கம் இல்லை அம்மை. சோறு இறங்கவில்லை. அரசர் மேல் எவ்வளவு குற்றம் என்று நீங்கள் சொல்லிவிட்டால் போதும். முக்கால் என்றால் அவர் பேரை எழுதிவிடுகிறேன். கால்தான் என்றால் மழை என்று எழுதிவிடுகிறேன்."

"அளந்து வைத்திருப்பேன், வாங்கிக்கொண்டு போகலாம் என்று வந்தீராக்கும்."

மழவராயர் தலையைக் குனிந்துகொண்டார்.

"சரி. ஏரி உடையப்போகிறது என்று அரசருக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"யாரும் சொல்லவில்லையா?"

"சொல்லவில்லை."

"ஏன் சொல்லவில்லை?"

அவர் பதில் சொல்ல வாயெடுத்தார். பாறைக்குக் கீழே நகரத்துப் பாதையைத் திரும்பிப் பார்த்தார். யாரும் பின்னால் வரவில்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகுதான் பேசினார்.

"நாள் சரியில்லை அம்மை."

"என்ன நாள்?"

"கெட்ட சேதி சொல்ல நாள் பார்ப்போம், அரண்மனையில்."

அம்மைக்கு இது புதிது. விளங்கச் சொல்லும்படி கையைக் காட்டினாள்.

"பதினோரு வருஷத்துக்கு முன்னால் இளவரசிக்குக் காது குத்தினார்கள். பந்தியில் அரசர் உட்கார்ந்திருக்கிறார். வடக்கே மாடுகளுக்குக் கோமாரி வந்து கொத்துக் கொத்தாகச் சாகிறது என்று ஒரு ஆள் வந்து நின்றான். நான் அப்படியே உள்ளே அழைத்துப் போனேன். அரசர் கேட்டார். முகம் சுளித்தார். இலையை விட்டு எழுந்து போய்விட்டார்."

"வந்தவனைத் தண்டித்தாரா?"

"இல்லை."

"உம்மைத் திட்டினாரா?"

"ஒரு வார்த்தை சொல்லவில்லை. முகம் சுளித்ததோடு சரி. அன்றைக்கே மருந்தும் வைத்தியரும் அனுப்பினார். ஆனால் எனக்கு மனசு கேட்கவில்லை. நல்ல நாளும் அதுவுமாக மனிதர் சாப்பிடாமல் எழுந்துவிட்டாரே என்று. அன்று வெள்ளிக்கிழமை. இனிமேல் வெள்ளிக்கிழமையில் கெட்ட சேதி உள்ளே போகக்கூடாது என்று நான்தான் வாசலில் சொல்லி வைத்தேன்."

"அப்புறம்?"

"குருக்கள் வந்து, வெள்ளி கூடாதென்றால் செவ்வாயும் கூடாதே என்றார். சரி என்றோம். அமைச்சர் அமாவாசையைச் சேர்த்தார். அஷ்டமி, நவமி தாமாகவே வந்து சேர்ந்துகொண்டன. அரசி, அரசருடைய பிறந்த நட்சத்திரத்தைச் சேர்த்தார். மிச்சமிருந்த நாளிலும் இராகு காலம், எமகண்டம் பார்த்தோம்."

"கெட்ட சேதிக்கு மாதத்தில் எத்தனை நாள் மிஞ்சியது?"

"பாதிகூட மிஞ்சவில்லை. சில வாரம் தொடர்ந்து ஒரு நாள்கூட இருக்காது."

"இதையெல்லாம் அரசர் செய்யச் சொன்னாரா?"

"ஒன்றைக்கூட அவர் சேர்க்கவில்லை."

"எதையாவது எடுத்தாரா?"

"இல்லை."

"பதினோரு வருஷத்தில், வெள்ளிக்கிழமையானால் நம் நாட்டில் ஒருவனுக்கும் துக்கமே வருவதில்லையே, அது எப்படி என்று கேட்டாரா?"

"கேட்கவில்லை."

அம்மை காலியான கலயங்களை எடுத்து ஓரமாகக் கவிழ்த்து வைத்தாள். மழவராயர் வானத்தைப் பார்த்தார். வெயில் மேற்கே சாய ஆரம்பித்திருந்தது.

"மிச்சத்தையும் சொல்லிவிடும் மழவரே. இதற்காகவா மூன்று நாள் தூங்காமல் இருந்தீர்?"

"சடையாண்டி என்று ஒருவர் அம்மை. பேரேரிக்குக் கரைக்காவல். என் வயதுதான் இருக்கும். வியாழக்கிழமை சாயங்காலம் அரண்மனை வாசலுக்கு வந்தார். கரையில் விரிசல் விட்டிருக்கிறது, மதகைத் திறந்து தண்ணீரை இறக்க வேண்டும், நானூறு ஆள் வேண்டும், அரசர் உத்தரவு வேண்டும் என்றார். அன்றைக்குச் சபை கலைந்துவிட்டது. மறுநாள் வெள்ளிக்கிழமை."

"சனிக்கிழமை?"

"அஷ்டமி."

"ஞாயிறு?"

"நவமி. திங்கட்கிழமை அரசர் பிறந்த நட்சத்திரம், அரண்மனையில் கூத்து. செவ்வாய் எப்படியும் கிடையாது. புதன்கிழமை காலையில் நல்ல நேரம் இருக்கிறது, நானே உள்ளே அழைத்துப் போகிறேன் என்று சொல்லி வாசலில் உட்கார வைத்தேன். வேளாவேளைக்குச் சோறு போடச் சொன்னேன். பாய் கொடுத்தேன். ஒரு குறையும் வைக்கவில்லை."

"அவர் என்ன செய்தார்?"

"இருந்தார். திங்கட்கிழமை சாயங்காலம் என்னிடம் வந்து, கரையை விட்டுவிட்டு இப்படி உட்கார்ந்திருக்க என்னால் ஆகவில்லை ஐயா, போய் ஒரு எட்டுப் பார்த்துவிட்டுப் புதன்கிழமைக்கு வந்துவிடுகிறேன் என்றார். சரி போய் வாரும் என்றேன். செவ்வாய்க்கிழமை மத்தியானம் கரை போய்விட்டது. மண்வெட்டி கிடைத்தது. அவர் கிடைக்கவில்லை."

அதற்கு மேல் பேச முடியாமல் அழுதார். அறுபத்திரண்டு வயது மனிதர் துண்டை வாயில் அடைத்துக்கொண்டு அழுதார். எதையும் சொல்லித் தேற்றுகிற வழக்கம் அம்மைக்கு எப்போதுமே கிடையாது.

அழுகை அடங்கியதும் கேட்டாள்.

"சடையாண்டி வந்து காத்திருந்தது சபைக்குத் தெரியுமா?"

"தெரியாது. வாசல் காவலர் இரண்டு பேரும் கரைக்குக் கீழே உள்ள ஊர்க்காரர்கள், அன்றைக்கு வீட்டுக்குப் போனவர்கள் வெள்ளத்தில் போய்விட்டார்கள். எனக்குத் தெரியும். அரசருக்குத் தெரியும்."

"அரசருக்கா? யாரும் சொல்லவில்லை என்றீரே."

"நேற்றுச் சிறையில் நான்தான் சொன்னேன். மனசு பொறுக்காமல் போய்ச் சொன்னேன்."

"என்ன சொன்னார்?"

"சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். அப்புறம், 'திங்கட்கிழமை கூத்துக்குக் கிளம்பும்போது ஏரி எப்படி இருக்கிறது என்று உம்மைக் கேட்டேன். நிறைந்து நிற்கிறது என்றீர். உம் முகம் சரியில்லை. இன்னொரு தரம் கேட்கலாமா என்று நினைத்தேன். கூத்துக்கு நேரமாகிவிட்டது, போய்விட்டேன்' என்றார்."

"அவ்வளவுதானா?"

"நான் எழுந்தபோது, 'சபையில் உம் பேரைச் சொல்ல மாட்டேன், பயப்படாமல் போம்' என்றார்."

ஒரு மனிதரைக் கொல்லலாமா என்று எழுதப்போகிறவர் மழவராயர். அந்த மனிதரோ இவரைக் காப்பாற்றிக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருக்கிறார். இப்படி ஓர் இக்கட்டு எதிரிக்கும் வரக்கூடாது.

"மழவரே, கஞ்சி எப்படி இருந்தது?"

அவர் விழித்தார். இந்த நேரத்தில் இது என்ன கேள்வி என்று தோன்றியது.

"நன்றாக…" என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். "உப்பு அதிகம் அம்மை. வாயில் வைக்க முடியவில்லை."

"ஆமாம். மறதியில் இரண்டு தரம் போட்டுவிட்டேன். அப்போதே ஏன் சொல்லவில்லை? நான் முகம் சுளித்தேனா?"

"இல்லை."

"சொல்லியிருந்தால் உம்மைச் சிறையில் போட்டிருப்பேனா? எனக்கு ஏது சிறை?"

"இல்லை அம்மை. நீங்கள் கொடுத்ததைக் குறை சொல்ல வாய் வரவில்லை."

மழவராயருக்கு ஏதோ விளங்கியது மாதிரி இருந்தது. அவசரமாகப் பேசினார். "புரிந்துவிட்டது. அரசர் சுளித்ததால் நான் மறைக்கவில்லை. என் வழக்கமே அது. குற்றம் என்னுடையதுதான். அரசர் மேல் ஒன்றும் இல்லை. மழை என்றே எழுதிவிடுகிறேன்."

"பொறும். ஓடாதீர். அதே கஞ்சியை நானும்தானே குடித்தேன்?"

"ஆமாம்."

"முதல் வாயிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தும் எப்படி இருக்கிறது என்று உம்மைக் கேட்டேன். நன்றாக இருக்கிறது என்றீர். அப்பாடா என்றிருந்தது எனக்கு. இன்னொரு தரம் உலை வைக்க வேண்டாம் பாரும்."

மழவராயர் யோசித்தார். திங்கட்கிழமை கூத்துக்குக் கிளம்பிய அரசரின் முகம் அவர் கண்முன் வந்து நின்றது. ஏரி நிறைந்து நிற்கிறது என்று கேட்டதும் அந்த முகத்திலும் ஓர் அப்பாடா இருந்தது.

"அப்படியானால் குற்றம் அரசருடையதா?"

"நீர் மாறி மாறிப் பாயாமல் இருந்தால் சொல்லலாம்."

"பாதி அவர், பாதி நான். அப்படி வைத்துக்கொள்ளலாமா அம்மை?"

"போன ஊர்கள் எத்தனை?"

"மூன்று."

"பாதி பாதியாகவா போயின?"

"முழுசாகத்தான் போயின."

"அரசர் பங்கு எவ்வளவு என்றுதானே கேட்டீர்? முழுதும். நாடு அவருடையது, ஏரி அவருடையது. மாடியில் நின்றால் கரை தெரியும். அவர் போய்ப் பார்க்கவில்லை. யாரும் சொல்லவில்லை என்பதனால் அதில் ஒரு பிடிகூடக் குறையாது."

மழவராயர் மெல்லத் தலையாட்டினார். ஒரு சுமையை இறக்கி வைத்த மாதிரி அவர் தோள் தாழ்ந்தது. அம்மை அதைக் கவனித்தாள்.

"அதற்குள் நிம்மதியா? உம் பங்கையும் கேட்டுவிட்டுப் போம். அதுவும் முழுதும்தான். அரசர் கேட்காததால் உம்முடையதிலும் ஒரு பிடி குறையாது."

"இரண்டு முழுசு எப்படி இருக்க முடியும் அம்மை?"

"குருக்களைக் கேட்டால் மூன்றாவது முழுசும் இருக்கும். அமைச்சரிடம் நாலாவது. அளவைப் பற்றிக் கேட்டது நீர். நான் என்ன செய்ய?"

"ஓர் ஓலையில் ஒரு பேர்தான் எழுதலாம். எங்கள் சபை வழக்கம் அப்படி."

"நல்ல வழக்கம். ஒரு பேரை எழுதிவிட்டால் மற்ற எல்லாரும் வீட்டுக்குப் போய்ச் சோறு தின்னலாம்."

மழவராயர் மடியிலிருந்து அந்த ஓலையை எடுத்தார். இன்னும் ஒன்றும் எழுதவில்லை. சற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். எழுத்தாணியை எடுத்தார், திரும்ப மடியில் செருகினார்.

"என் பேரை எழுதட்டுமா?"

"எழுதினால் என்ன ஆகும்?"

"அரசருக்கு இரண்டு, மழைக்கு இரண்டு, எனக்கு ஒன்று. யாருக்கும் மூன்று கூடாது. அடுத்த மாதம் மறுபடியும் விசாரிப்பார்கள். அதற்குள் நான் ஏன் என் பேரை எழுதினேன் என்று குடைவார்கள். சடையாண்டி வெளியே வருவார். அப்புறம் என் பேருக்கு மூன்று ஓலை சுலபமாகக் கூடும்."

"பயமாக இருக்கிறதா?"

"ரொம்பப் பயமாக இருக்கிறது அம்மை. எனக்குப் பேத்தி பிறந்து நாற்பது நாள்தான் ஆகிறது. போகாமலே இருந்துவிட்டாலும் இதே கதைதான். குடத்தில் நாலு ஓலை கிடக்கும். ஓலைநாயகம் எங்கே, ஏன் வரவில்லை என்று கேட்பார்கள். ஒளிந்துகொண்டான் என்பார்கள். எந்தப் பக்கம் போனாலும் முட்டுகிறது."

அம்மை ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். அப்போது கீழேயிருந்து யாரோ கூப்பிடும் குரல் கேட்டது. இரண்டு பேரும் திரும்பினார்கள்.

முழங்கால் வரை சேறாக ஓர் ஆள் பாறையில் ஏறி வந்தான். நாற்பது வயது இருக்கும். மூச்சு வாங்கியது. அம்மையைக் கும்பிட்டான், பிறகு மழவராயரைக் கும்பிட்டான்.

"ஐயா, நான் கருத்தான். சின்னேரிக் கரையில காவல் பாக்குறவன். அரண்மனை வாசல்ல கேட்டேன், ஐயா குன்றத்துக்குப் போயிருக்காகன்னு சொன்னாக. அதான் இங்கயே வந்துட்டேன்."

"என்ன விஷயம்?"

"கரையடியில தண்ணி ஊறுதுங்க. நாலு நாளாவே ஊறுது. தெளிவா வந்துச்சு, சரி போவட்டும்னு பாத்துக்கிட்டே இருந்தேன். இன்னைக்கு வெயில் ஏறினதும் பாத்தா கலங்கலா வருதுங்க. கலங்கி வந்தா உள்ளுக்குள்ள மண்ணை அரிச்சுக்கிட்டு வருதுன்னு அர்த்தம். மதகைத் திறந்து விட்டுட்டு, அடியில மண்ணு கொட்டி அணைக்கணும். இருநூறு ஆளாவது வேணும். மதகைத் திறந்தா கீழே சபைப் பெரியவங்க வயலெல்லாம் முங்கிப் போவும், முத்திரை இல்லாம தொட விடமாட்டேங்கிறாங்க. முத்திரை இப்ப ஐயாகிட்டதானே இருக்கு?"

அரசர் சிறைக்குப் போன நாளிலிருந்து அரசரின் முத்திரையும் மழவராயர் இடுப்பில்தான் இருந்தது. அவர் கை தன்னால் அங்கே போனது.

"உடையும் என்கிறாயா?"

"தெரியலீங்க. ராத்திரி தாங்கலாம். தாங்காமயும் போவலாம். கண்ணால பாத்தாத்தான் ஐயா உங்களுக்கே தெரியும்."

மழவராயர் மேற்கே பார்த்தார். பொழுது பனைமரத்து உயரத்துக்கு இறங்கியிருந்தது. இப்போது கிளம்பினால்தான் சபைக்கு நேரத்துக்குப் போய்ச் சேரலாம்.

"இங்கே பார் கருத்தான். இன்றைக்கு நாட்டுக்கே முக்கியமான நாள். அரசருக்குத் தீர்ப்பு. பொழுது சாய்வதற்குள் நான் ஓலை போட வேண்டும். நீ வாசலில் போய் இரு. சாப்பிட்டாயா? சோறு போடச் சொல்கிறேன். நாளைக் காலையில் முதல் வேலையாக உன் விஷயத்தைத்தான் எடுக்கிறேன்."

"சரிங்க ஐயா" என்றான் கருத்தான்.

அவனுக்கு மறுத்துப் பேசத் தெரியாது. கும்பிட்டுவிட்டு இரண்டடி பின்னால் நகர்ந்தான்.

மழவராயர் தாம் சொன்னதைத் தாமே கேட்டார். மேல்துண்டு தோளிலிருந்து நழுவி விழுந்தது. எடுக்கவில்லை. சற்று முன் அழுத கண் இப்போது வறண்டு போயிருந்தது.

"நில்லு" என்றார்.

கருத்தான் நின்றான்.

குன்றத்தின் அடியில் பாதை இரண்டாகப் பிரிகிறது. வலது கைப் பக்கம் போனால் நகரம், சபை, குடம். இடது கைப் பக்கம் போனால் சின்னேரி. இரண்டும் ஒரே தூரம்தான். ஒரே பொழுதில் இரண்டுக்கும் போக முடியாது.

"அம்மை" என்றார் மழவராயர். "இதற்கு மட்டும் பதில் சொல்லிவிடுங்கள். நான் இப்போது எங்கே போக வேண்டும்?"

அம்மை அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"அந்தத் திங்கட்கிழமை அரசர் எங்கே போயிருக்க வேண்டும் மழவரே?"